இளையான்குடி மாறனாரும் அரசாங்கப் பிணையும்

வங்கியில் கடன் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பெரியபுராணம் படிக்கிறபோது பயன் சொல்கிறவனும் நான்தான். ஒருவர் பாட்டைப் பண்ணோடு படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளை விரித்துச் சொல்வதுதான் பயன் சொல்லுதல். பகலில் ஈடு, உறுதி, வட்டி, பின்னேரத்தில் நாயன்மார். இப்படியே என் காலம் போனது. இந்த இரண்டையும் ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக நிறுத்திக் கேள்வி கேட்க வைத்தவன் என் தங்கை மகன்.

கட்டாரில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் மேற்பார்வையாளராக நின்றுவிட்டு வந்தவன் அவன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம், பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில், கொழும்பில் பெயரெடுத்த பொரித்த கோழிக் கடை ஒன்றின் கிளையை எடுத்து நடத்த வேண்டும் என்பது அவன் எண்ணம். பிரான்சைஸ் என்கிறார்கள். பெயர் அவர்களுடையது, மசாலாவும் அவர்களுடையது, அடுப்புகூட அவர்கள் சொல்கிற அடுப்புத்தான். காசும் நோவும் நம்முடையது. 2013 இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் சதுக்கம் திறந்து, கே.எஃப்.சி.க்கு முன்னால் சனம் நின்ற காலத்தில் இவன் பள்ளிக்கூடப் பையன். அந்த ஆசை அப்போதே விழுந்திருக்க வேண்டும்.

கடனுக்கு ஈடாக அவனிடம் இருந்தது மனைவியின் சீதன வீடு மட்டும். அது காணாது என்றது வங்கி. மிச்சத்துக்கு அரசாங்க உத்தரவாதத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அன்று பின்னேரமே பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டான்.

"மாமா, அரசாங்கமே பிணை நிக்குது. பிறகென்ன பயம்?"

என் தங்கைக்கு இருந்த பயம் வேறு. "சைவக் குடும்பத்தில பிறந்து கோழி பொரிச்சு விக்கிறதோ? நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைஞ்சு நாளும் கடையைப் பூட்டுவானோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை எப்போதோ சொல்லி முடிந்துவிட்டது. வள்ளுவர் புலால் மறுப்பதற்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். விற்கிறவனையும் வாங்குகிறவனையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆறுமுக நாவலரும் இடைவெளி விடாமல் எழுதிவைத்துப் போனார். ஏற்கிறவன் ஏற்பான், ஏற்காதவன் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வான். என்னைத் தூங்கவிடாதது மருமகனின் கேள்விதான். வேறொருவர் பிணை நின்றால் கடன்பட்டவனின் பயம் குறையலாமா? குறைந்தால், அந்தப் பயம் எங்கே போகிறது?

முதலில் தொழில்காரனாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சிறு தொழில்களுக்கு அரசு தோள் கொடுப்பது புதிதல்ல. வட்டியில் ஒரு பகுதியை அரசே கட்டுகிற என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா 2018 இல் வந்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில் அதன் கண்காட்சி யாழ்ப்பாணத்திலும் நடந்தது. பெருந்தொற்று வந்த 2020 இல் மத்திய வங்கி 4 வீத வட்டியில் சௌபாக்கியா கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் அமைந்தது. இதில் வட்டிச் சலுகை வேறு, உத்தரவாதம் வேறு. சலுகை உன் சுமையில் கொஞ்சத்தை இறக்கி வைக்கும். உத்தரவாதம் உன் சுமையைத் தொடாது. நீ கட்டாமல் போனால் வங்கிக்கு வருகிற நட்டத்தில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

பத்திரத்தில் அந்தப் பந்தியை விரல் வைத்துக் காட்டினேன். உத்தரவாதம் தந்தவர் வங்கிக்குப் பணம் கட்டியதும், கடன்காரனிடம் அறவிடுகிற உரிமை அவர் கைக்கு மாறும். கடன் அழிவதில்லை, கேட்கிற ஆள்தான் மாறுகிறார். மருமகன் அதை இரண்டு தரம் வாசித்தான். "அப்ப இது எனக்கு இல்லையோ, வங்கிக்கோ?" என்றான். வங்கிக்குத்தான். நீ வாசலுக்குள் நுழைய அது ஒரு கதவைத் திறந்து விடுகிறது. உள்ளே போன பிறகு நடக்கிறது உன்பாடு.

இனிப் புராணத்துக்கு வருகிறேன். சாப்பாடு போடுவதற்காகக் கடன்பட்டவர் ஒருவர் அறுபத்துமூவரில் இருக்கிறார். இளையான்குடி மாற நாயனார் நல்ல வசதியுள்ள வேளாளர். அடியார் யார் வந்தாலும் அமுது படைப்பார். அவருடைய மனத்தைக் காட்டுவதற்காக இறைவனே அவர் செல்வத்தைக் குறைத்தான். அதற்குப் பிறகு ஒரு மழை இரவு, பசியோடு வந்த அடியவர், பகலில் விதைத்த நெல்முளையை இருட்டில் தடவி வாரிக்கொண்டு வந்த மாறனார், விறகில்லாமல் வீட்டுக்கூரையை அறுத்துப் போட்டது, குழியில் நின்ற கீரையை அம்மையார் கறியாக்கியது. பயன் சொல்கிற நாங்கள் எல்லாரும் அந்த இரவுக்குத்தான் ஓடுவோம். சனமும் அதற்குத்தான் கண் கலங்கும்.

அந்த இரவுக்கு முன்னால் சேக்கிழார் ஒரு சின்ன விபரம் வைத்திருக்கிறார். செல்வம் சுருங்கிய பிறகு மாறனார் சொத்துகளை விற்றார், பிறகு கடன்பட்டார். எவ்வளவு கடன்? தன்னையே விற்றாலாவது தீர்க்கக்கூடிய அளவுக்கு. அதற்கு மேல் போகவில்லை. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அரசின் வரவு செலவு தெரிந்த கைதான் இப்படி ஒரு வரம்பை எழுதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்தனின் தாராளத்தைச் சொல்ல வந்த கவிக்கு, கடன் கொடுத்தவனைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே இல்லை. இவர் நினைத்திருக்கிறார். மாறனாருக்குக் கடன் கொடுத்தவன் ஏமாளி ஆகவில்லை, ஏனென்றால் கொடுத்த பணத்துக்கு ஈடாக ஓர் ஆள் முழுதாக நின்றார்.

வங்கிக்காரனாகப் பார்த்தால் மாறனார் மோசமான வாடிக்கையாளர். விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடக் கொடுத்தவருக்கு எந்தக் கடன் பகுதியும் கையெழுத்து வைக்காது. ஆனால் அந்த விதைநெல் அவருடையது, கூரையும் அவருடையது. பக்கத்துக் காணிக்காரனின் முளையை அவர் வாரவில்லை. இதைக் கவனிக்காவிட்டால் அந்தக் கதை வெறும் ஊதாரித்தனத்துக்குச் சாட்சி ஆகிவிடும்.

மருமகனின் கடனில் பக்கத்துக் காணிக்காரன் யார்? அரசாங்கம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த அரசாங்கம்தான் 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறேன் என்று அறிவித்தது. பிணை நிற்கிறவர் தானே கட்ட முடியாமல் நின்ற நாள் அது. அதற்குப் பிறகு அவர் எங்கிருந்து பணம் எடுத்தார்? 2022 இன் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி அந்த வருடமே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. காரைநகரில் கடை வைத்திருக்கும் கிழவியும், நுவரெலியாவில் கொழுந்து பறிக்கிறவளும், அம்பாந்தோட்டையில் மீன் விற்கிறவனும் வாங்குகிற சவர்க்காரத்தில் அது இருக்கிறது. பிணையாளிகள் இவர்கள்தான். மருமகனின் முகத்தை அவர்கள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. கையெழுத்து வைக்கச் சொல்லி அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

யாழ்ப்பாணத்தில் பிணை என்பது எப்போதும் முகம் தெரிந்த விஷயம். சீட்டுக் கழிவில் எடுக்கிறவனுக்கு மச்சான் பிணை. நகையை அடைவு வைத்தால் மனைவியின் கழுத்து சாட்சி. கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பிய காசுக்கு வட்டி இல்லை, பத்திரமும் இல்லை, ஆனால் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அந்தக் கடன் உன் பக்கத்துக் கதிரையில் வந்து குந்தும். அந்த வெட்கம்தான் எங்கள் ஊரின் பழைய அறவிடும் இலாகா. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தேசவழமையை எழுதித் தொகுத்து, அது சரிதானா என்று பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டினார். ஈடும் ஒற்றியும் அதில் இருக்கின்றன. பெற்றோரின் கடனை மகன்மார் தீர்க்க வேண்டும் என்ற வழக்கமும் இருக்கிறது. இன்றைய நீதிமன்றம் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் அன்றைக்குக் கடன் வாங்கியவன் தன் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கினான். முகம் தெரியாத பிணையாளி வந்ததும் அந்த வெட்கத்துக்கு நிற்க இடம் இல்லாமல் போகிறது. என் மருமகனின் பயம் போன வழி இதுதான்.

அவன் சும்மா விடவில்லை. "மாமா, பள்ளிக்கூடமும் ஊர்க்காசு, ஆஸ்பத்திரியும் ஊர்க்காசு. நான் ஒரு கடை போட்டுப் பத்துப் பேருக்கு வேலை குடுக்கிறதுக்கு ஊர் பிணை நிண்டால் என்ன பிழை?"

பிழை இல்லை. இதை நான் மனதார ஒத்துக்கொள்கிறேன். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்களில், காணி உறுதி கையில் இருந்தும் காணிக்குள் கால் வைக்க முடியாமல் வருடக்கணக்காக இருந்தவர்களை நான் வங்கியில் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் ஈடு கேட்டு என்ன பயன்? கணவனை இழந்து தனியே தொழில் செய்கிற பெண்கள் வங்கி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, வாராவாரம் வீட்டு முற்றத்துக்கு வந்து தவணை கேட்கிற நுண்கடன் கொம்பனிகளிடம் போய் விழுந்தார்கள். 2018 இல் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வர வேண்டிய நிலை வந்தது. ஊர் பிணை நிற்பது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அது தர்மம்.

செல்வச்சந்நிதியில் அன்னதானப் பந்தியில் யாரும் யாரையும் வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்பதில்லை. அன்னதானக் கந்தன் என்று பெயர் வாங்கிய இடம் அது, கேட்கவும் கூடாது. கார் வைத்திருப்பவனும் குந்துகிறான், பிச்சை எடுப்பவனும் குந்துகிறான். ஆனால் வீட்டில் சோறு உள்ளவன் நாளைக்கும் சேர்த்து வாளியில் கட்டிக்கொண்டு போனால், வரிசையின் கடைசியில் நிற்கிறவனுக்கு இல்லாமல் போகும். அதை மடத்துக்காரர் தடுக்க மாட்டார்கள். கட்டுகிறவனின் மனம்தான் தடுக்க வேண்டும்.

இங்கே பிரான்சைஸின் தன்மையையும் பார்க்க வேண்டும். மருமகன் ஒரு சி.ஆர். கொப்பியில் கணக்கு எழுதிக் கொண்டு வந்திருந்தான். பெயருக்கு ஆரம்பத்தில் ஒரு தொகை. பிறகு விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஆறு ரூபாய் பெயர்க்காரருக்கு, மூன்று ரூபாய் விளம்பரத்துக்கு. இது இலாபத்தில் அல்ல, விற்பனையில். நட்டத்தில் ஓடினாலும் அந்த ஒன்பது ரூபாய் போய்த்தான் ஆக வேண்டும். கம்பஸ் லீவில் பிள்ளைகள் ஊருக்குப் போனாலும், நல்லூர்த் திருவிழாவில் சனம் கோழியை மறந்தாலும் தவணைத் திகதி மாறாது. இவ்வளவும் கட்டிய பிறகும் பெயர் உனக்குச் சொந்தமில்லை. 2024 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ் கொம்பனி, தரம் பற்றிய பிணக்கில் இங்கே தன் பெயரை நடத்திவந்தவர்களோடு உறவை முறித்தபோது, நாடு முழுவதும் இருந்த 12 கடைகளும் ஒரே அடியில் மூடின. அந்த அடுப்புகளும் கதிரைகளும் அப்படியேதான் இருந்தன. பெயரை எடுத்ததும் கடை இல்லை. பெயரை ஈடு வைக்க முடியாது என்பதை வங்கி நன்றாக அறியும். அதனால்தான் இந்த மாதிரித் தொழிலுக்குச் சீதன வீடும் ஊரின் பிணையும் சேர்த்துக் கேட்கிறது.

சலுகைக் காசின் குணத்தைப் பற்றியும் பெரியபுராணத்தில் ஒரு சம்பவம் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தருக்கும் அப்பருக்கும் அடியாரை ஊட்டுவதற்காக இறைவன் நாள்தோறும் ஆளுக்கு ஒரு காசு பலிபீடத்தில் வைத்தான். இரண்டு மடம், இரண்டு அடுக்களை. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு. சம்பந்தர் மடத்தில் பிந்துகிறது. விசாரித்தால், சம்பந்தரின் காசைக் கடைக்காரர் வாசி, அதாவது வட்டம், கழித்துத்தான் வாங்குகிறார்கள். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்கிறவர், அவருக்குக் கிடைத்தது வாசி இல்லாத நற்காசு என்றார்கள். சம்பந்தர் பாடி வாசியைத் தீர்த்துக்கொண்டார். எத்தனையோ வருடம் இந்தச் சம்பவத்தை இறைவனின் விளையாட்டு என்றே சொல்லிவந்தேன். கடன் பகுதி மேசையில் நான் கண்டதும் அதேதான். உடம்பால் உழைத்துச் சேர்த்த ஐந்து இலட்சத்தை ஒருவன் செலவழிக்கிற விதமும், சலுகையில் வந்த ஐந்து இலட்சத்தைச் செலவழிக்கிற விதமும் ஒன்றாக இருப்பதில்லை. சலுகைக் காசில் முதலில் குளிரூட்டி வாங்குவார்கள், பிறகுதான் அடுப்பு. அந்தக் காசின் பெறுமதி கடைக்குப் போகிற வழியிலேயே குறைகிறது.

இதற்கு ஒருவர் இப்படி மறுமொழி சொல்லலாம்: இறைவனே பக்தனுக்குப் பிணை நிற்கிறான், அருள் என்றாலே நமக்கு உரிமை இல்லாததைப் பெறுவதுதான், பிறகு ஏன் இவ்வளவு கணக்கு? சைவசித்தாந்தம் இந்த இடத்தில் மிக நுணுக்கமானது. குரு தீட்சை தரும்போது சேர்ந்து கிடக்கிற சஞ்சித வினை எரிகிறது. இனி ஏறவிருக்கும் ஆகாமியமும் தடுக்கப்படுகிறது. ஆனால் இந்த உடம்பெடுத்து அனுபவிக்கத் தொடங்கிவிட்ட பிராரத்தம் அப்படியே நிற்கிறது. அதை உண்டுதான் கழிக்க வேண்டும். அருள் எல்லையற்றது என்று சொல்கிற அதே சாத்திரம்தான், தொடங்கியதை நீயே முடி என்றும் சொல்கிறது. எனக்கு இதில் கொடுமை தெரியவில்லை, மரியாதை தெரிகிறது. இறைவன் உயிரைப் பொறுப்புள்ள ஆளாக நடத்துகிறான். பிணை நின்றேன் என்பதற்காக உன் கையில் இருந்து செயலைப் பிடுங்கிக்கொள்வதில்லை.

அதனால் மருமகனிடம் ஒரு கணக்குச் செய்யச் சொன்னேன். உத்தரவாதத்தை மறந்துவிடு, வீட்டையும் மறந்துவிடு. கடை நாளைக்குப் படுத்துவிட்டது என்று வை. திரும்பக் கட்டாருக்குப் போய், முந்தி வாங்கிய அதே சம்பளத்தில், வீட்டுச் செலவு போக மிஞ்சுகிறதைக் கொண்டு இந்தக் கடனை எத்தனை வருடத்தில் கட்டி முடிப்பாய்? தன்னை விற்றுத் தீர்ப்பது என்றால் இந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் பொருள். பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போவது.

சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். முழுத் தொகைக்குப் பதினொரு வருடம் வந்தது. கொழும்புப் பெயரை விட்டு, சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே, சொந்தப் பெயரில் சின்னக் கடை என்றால் நாலு வருடம். அவனுக்குச் சமைக்கத் தெரியும். கட்டாரில் ஒரு நேரத்துக்கு நூற்றுக்கணக்கான பேருக்குச் சமையலை நடத்தியவன். மற்றவர்களின் மசாலாவுக்கு நூற்றுக்கு ஒன்பது கொடுக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதை நான் சொல்லவில்லை. அது அவனுடைய தீர்மானம்.

ஒன்றை மட்டும் சொன்னேன். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் கடை படுக்கலாம். 2022 இல் எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை. தொழில் தெரிந்த நேர்மையானவர்களின் அடுப்பும் அணைந்தது. வங்கி வட்டி 25 வீதத்தைத் தாண்டியது. கட்ட முடியாமல் போனவர்களின் சொத்தை வழக்கில்லாமல் ஏலம் விட வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. பராட்டே என்று எங்கள் பக்கத்தில் பெயர். அதை 2024 இல் நாடாளுமன்றமே கொஞ்சக் காலம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அப்படி விழுகிறவனைத் தாங்கத்தான் ஊரின் பிணை. அதில் விழுவது பாவமில்லை. விழுந்தால் தாங்க ஆள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு உயரத்தைக் கூட்டுவதுதான் பாவம். விழுந்த பிறகு இந்த இரண்டையும் வெளியில் இருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கையெழுத்து வைப்பதற்கு முன்னால், வைக்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

"அப்ப நாலு வருஷக் கடன் எண்டால் எடுக்கலாமோ மாமா? அதுக்கும் உத்தரவாதம் கேக்கலாமோ?"

"கேள் தம்பி, தாராளமாய்க் கேள். நாலு வருஷம் உன்ர வயசுக்குள்ள இருக்கு. பதினொண்டு எண்டால் அதில பாதி உன்ர பிள்ளையின்ர வயசு."

அவன் விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை. மனைவியோடு கதைக்க வேண்டும் என்றான். சீதன வீடு அவளுடையது என்பதால் முதலில் அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.